ஒலிக்கதையில் மனிதரும் இயற்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இடத்தின் ஒலிகளையும் அங்கே வாழ்கிறவர்களின் குரலையும் சேர்த்துக் கதையாகச் சொல்ல விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. பாட்காஸ்ட், வானொலி, வகுப்பறைத் திட்டம் என வடிவம் எதுவானாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

இயற்கை பற்றிய ஒலிக்கதை என்றால் பறவைக் குரல்களைத் தொகுத்துத் தருவதுதானே?

பறவைக் குரல்களின் தொகுப்பு ஓர் ஆவணம். அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எழுந்து வேலைக்குப் புறப்படுகிற ஒருவரும், அது நின்றுபோன ஆண்டை இன்னும் நினைவில் வைத்திருக்கிற ஒருவரும் வரும்போதுதான் கதை தொடங்குகிறது. கதையின் பொருள் பறவைக்கும் இவர்களுக்கும் நடுவே இருக்கிறது.

அந்த உறவு அன்பாகவே இருக்க வேண்டியதில்லை. விளைந்த பயிரை யானை மிதித்துவிடாமல் இரவெல்லாம் தகரம் தட்டுகிறவருக்கும் காட்டுக்கும் இடையே அச்சம் இருக்கிறது, சினம் இருக்கிறது, நெடுநாள் அறிமுகமும் இருக்கிறது. கடலில் உறவினரைப் பறிகொடுத்த பின்பும் கடலுக்கே போகிறவர் இருக்கிறார். இயற்கையை அழகு என்ற ஒரே சட்டத்துக்குள் மாட்டி வைக்கும் ஒலிக்கதைகள் இத்தகைய மனிதர்களை வெளியே நிறுத்திவிடுகின்றன. இயற்கையோடு மிக நெருங்கி வாழ்கிறவர்கள் பல நேரங்களில் அவர்கள்தான்.

காட்சியே இல்லாமல் ஒரு காட்டையோ கடற்கரையையோ சொல்ல முடியுமா?

முடியும். சில வகையில் காட்சியைவிட நன்றாகவே முடியும். கண் எதிரில் இருப்பதை மட்டும் பார்க்கிறது. காது எல்லாத் திசையிலிருந்தும் வாங்கிக்கொள்கிறது, இருட்டிலும் வேலை செய்கிறது. தவளை, சில்வண்டு, ஆந்தை போன்றவற்றை வாழ்நாளில் நாம் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம். படம் பார்க்கிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ஒலியைக் கேட்கிறவரைச் சுற்றிலும் அந்த இடம் எழுந்துவிடுகிறது.

ஒலிக்குள் செய்தியும் இருக்கிறது. வெப்பம் கூடக் கூட சில்வண்டின் ஒலி விரைவதைக் கணக்கிட்டு, அதிலிருந்தே வெப்பநிலையைச் சொல்லும் சூத்திரம் ஒன்றை 1897-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பியர் வெளியிட்டார். இலையுதிர்ந்த மரத்தில் காற்று எழுப்பும் ஒலி வேறு, தழைத்த மரத்தில் எழுப்புவது வேறு. பதிவைக் கூர்ந்து கேட்டால் பருவம், பொழுது, ஈரம் எல்லாம் தெரியும். எழுதும்போது ‘அது ஒரு மழைக்கால மாலை’ என்று சொல்லத் தேவையில்லாமல் போகும் இடங்கள் அவை.

ஒலியைக் கேட்டதனால் மனிதர் இயற்கையிடம் நடந்துகொள்ளும் விதம் எங்காவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. பெரிதும் அறியப்பட்ட சான்று கூனல்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டு. அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய ஃபிராங்க் வாட்லிங்டன் பெர்முடா தீவருகே கடலடி ஒலிவாங்கிகளில் விசித்திரமான குரல்களைப் பதிந்து வைத்திருந்தார். அவற்றைத் திமிங்கில ஆய்வாளர்களான ரோஜர் பெயினும் கேட்டி பெயினும் கேட்டனர். திரும்பத் திரும்பக் கேட்டபோது அவை சிதறிய கூச்சல்கள் அல்ல, ஒரே வரிசையில் மீண்டும் வரும் பாட்டு என்பது புலப்பட்டது. ரோஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும் 1971-ல் அறிவியல் இதழில் இதை விளக்கினர். அதற்கு முந்தைய ஆண்டே, 1970-ல், அந்தக் குரல்கள் இசைத்தட்டாக வெளிவந்துவிட்டன. 1979-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் தன் பிரதிகளோடு வளையும் மெல்லிய இசைத்தட்டாக 1 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்து அனுப்பியது. 1977-ல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டிலும் திமிங்கிலக் குரல் இடம்பெற்றது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்திவைக்கும் முடிவைச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் எடுத்தது 1982-ல்.

அந்த முடிவுக்கு அறிவியல் கணக்கெடுப்பு, அரசியல் நெருக்கடி, கடலில் நடந்த போராட்டங்கள் என்று பல காரணங்கள் உண்டு. இசைத்தட்டு ஒன்றே அதைச் செய்துவிடவில்லை. ஆனால் எண்ணெயும் இறைச்சியுமாக அறியப்பட்டிருந்த உயிர், கேட்டவர்களின் மனத்தில் பாடுகிற உயிராக மாறியது. இரக்கப்படுங்கள் என்று அந்தப் பதிவில் யாரும் சொல்லவில்லை. ஓர் ஒழுங்கு காதில் விழுந்தது, அதுவே போதுமாக இருந்தது. ஒலிக்கதை எழுதுகிறவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

தொலைதூரக் காட்டுக்குப் பயணப்பட வேண்டாம். மீண்டும் மீண்டும் போய்வர முடிகிற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குளக்கரை, சுடுகாட்டு மரங்கள், ரயில் பாதையோரப் புதர் என எதுவாகவும் இருக்கலாம். முதலில் எதையும் பதியாமல் உட்கார்ந்து கேளுங்கள். நாம் போய் அமர்ந்ததும் அடங்கிப்போன உயிர்கள் மறுபடி குரல் கொடுக்கச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் எழுந்துவிட்டால் நாம் கேட்டது நம் வருகையின் ஒலியை மட்டுமே.

கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் மரி ஷேஃபரும் உடன்பணியாளர்களும் 1970-களில் ஒலிச்சூழலை ஆராய்ந்தபோது, கேட்பதற்காகவே நடப்பதை ஒரு பயிற்சியாக வளர்த்தெடுத்தனர். அந்தக் குழுவில் இருந்த ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப் அதைத் தன் கலையாகவே ஆக்கிக்கொண்டார். பேசாமல் நடக்க வேண்டும், கேட்பதைத் தவிர வேறு நோக்கம் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. கதைக்கான கேள்வி பெரும்பாலும் இப்படி நடக்கும்போதே வந்துவிடும்: இந்த ஓசை ஏன் இங்கே மட்டும் நின்றுபோகிறது? அந்த மனிதர் ஏன் நாள்தோறும் இந்தப் பக்கமாகவே வருகிறார்?

பொழுதைப் பொறுத்தவரை விடியலுக்குச் சற்று முன்பிருந்து தொடங்குவது பயன் தரும். காற்று அடங்கியிருக்கும், வாகனங்கள் குறைவு, பறவைகளின் கூட்டுக்குரல் உச்சத்தில் இருக்கும். நிலத்தருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் வரும். அதே காரணத்தால் தொலைவிலுள்ள நெடுஞ்சாலையும் சேர்ந்தே கேட்கும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

கையில் இருக்கும் செல்பேசியோடு தொடங்கலாம். பழகிய பிறகு கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கலாம். அதைவிட முதலில் வாங்க வேண்டியவை காதை மூடும் ஹெட்ஃபோனும் மைக்கின்மேல் போடும் ரோம உறையும். வெளியில் செய்யும் பதிவுகளைக் கெடுப்பதில் முதலிடம் காற்றுக்கு. மைக்கில் நேராக அடிக்கும் காற்றின் உறுமலைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக எடுக்க முடியாது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். மெல்லிய ஒலிகளைப் பிடிக்க மைக்கின் சொந்த இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். இயற்கை ஒலிப்பதிவில் விலை கூடிய மைக்குகளின் பயன் முதன்மையாக இதில்தான். ஆனால் செலவில்லாத வழி ஒன்று உண்டு: அருகே போவது. திறந்தவெளியில் ஒலி வரும் இடத்துக்கான தொலைவைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். அருகே போக முடியாத பறவைக்கு ஒலியைக் குவித்துத் தரும் குவியத் தட்டும், நீருக்கடியில் ஹைட்ரோஃபோனும், வேலிக் கம்பியிலும் மரத்திலும் ஒட்டிக் கேட்கத் தொடுமைக்கும் உள்ளன. கருவி ஆசைக்கு எல்லை கிடையாது. ஒரு கதை முடிந்த பிறகு அடுத்ததை வாங்குங்கள்.

பேட்டியை அமைதியான அறையில் எடுப்பதா, அந்த இடத்திலேயே எடுப்பதா?

அந்த இடத்திலேயே. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அறையில் உட்கார்ந்து ஆற்றைப் பற்றிப் பேசுகிறவர் நினைவிலிருந்து பேசுகிறார். ஆற்றங்கரையில் பேசுகிறவரை ஆறு இடைமறிக்கிறது. பேச்சின் நடுவே அவர் சட்டென்று நின்று எதையோ கவனிப்பார், மீன் துள்ளிய திசைக்குத் திரும்புவார், குரலைத் தாழ்த்துவார். அவருக்கும் அந்த நீருக்கும் உள்ள உறவு அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. வார்த்தையில் அதைக் கேட்டு வாங்கவே முடியாது.

‘இயற்கை உங்களுக்கு என்ன பொருள் தருகிறது?’ என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். செயலைக் கேளுங்கள். வலை போடும் இடத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள்? மழை வரப்போவது எதனால் தெரிகிறது? சிறு வயதில் கேட்டு இப்போது கேட்காமல் போன ஒலி எது? கடைசிக் கேள்வி எங்கும் வேலை செய்கிறது. அந்த ஒலியை வாயாலேயே எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அழிந்துபோன ஏற்றத்தின் கிறீச்சிடலை முதியவர் ஒருவர் தன் தொண்டையால் மீட்டுக் காட்டும்போது, எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

அவர் வேலை செய்துகொண்டே பேசட்டும். கத்தி தேய்கிற ஓசை, துடுப்பு இழுபடுகிற ஓசை, மூச்சு வாங்குவது எல்லாம் இருக்கட்டும். பேசி முடித்ததும் ரெக்கார்டரை அணைக்காமல், இருவரும் ஓரிரு நிமிடம் பேசாமல் இருங்கள். அந்த இடத்தின் வெறும் ஒலி எடிட்டிங்கில் வெட்டுகளை இணைக்கத் தேவைப்படும். அந்த மௌனத்துக்குப் பிறகு பலரும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்குவதும் உண்டு.

நல்ல பதிவின் நடுவே விமானமோ லாரியோ வந்துவிட்டால் வெட்டிவிடலாமா?

வெட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள். ஒலிச்சூழலை ஆராய்ந்த பெர்னி கிராஸ் அதை மூன்றாகப் பிரித்தார்: காற்று, நீர், இடி போன்ற நிலத்தின் ஒலிகள், உயிரினங்களின் ஒலிகள், மனிதர் எழுப்பும் ஒலிகள். மூன்றாவதை மட்டும் துடைத்தெடுத்துவிட்டு ‘மனிதரும் இயற்கையும்’ என்று கதை சொன்னால் அதில் பாதி உண்மை காணாமல் போகிறது.

இதற்கு வரலாற்றில் மறக்கமுடியாத சான்று ஒன்று இருக்கிறது. 1924 மே 19 அன்று, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் தன் தோட்டத்தில் அமர்ந்து பீட்ரிஸ் ஹாரிசன் செல்லோ என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்க, நைட்டிங்கேல் பறவைகள் உடன்பாடிய நிகழ்ச்சியை பிபிசி நேரலையாக ஒலிபரப்பியது. கேட்டவர்கள் நெகிழ்ந்துபோனார்கள், ஆண்டுதோறும் அது தொடர்ந்தது. 1942-ல் அதே தோட்டத்தில் அதே இனப் பறவைகளைப் பதிந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியை நோக்கிக் குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேலே போகத் தொடங்கின. படை நகர்வு எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் ஒலிபரப்பை நிறுத்தினார்கள். ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. விமானங்களின் உறுமல் ஏறி, நிறைந்து, கடந்துபோகிறது. பறவை பாடிக்கொண்டே இருக்கிறது. போரைப் பற்றியும் பறவையைப் பற்றியும் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தப் பதிவுக்கு ஈடாகாது. அன்று அந்த விமான ஒலியைக் குறை என்று நினைத்துக் கருவியை அணைத்திருந்தால் நமக்கு அது கிடைத்திருக்காது.

கதைக்குத் தொடர்பில்லாத இரைச்சல் பேச்சைப் புரியாமல் செய்தால் வெட்டலாம், தவறில்லை. ஆனால் அந்த லாரி மணல் ஏற்றிப் போகிற லாரியாக இருந்தால், கதையே அதுவாக இருக்கக்கூடும்.

பதிந்தவற்றைக் கதையாகக் கட்டுவது எப்படி?

நம் திணை இலக்கணம் இதற்கு நல்ல துணை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய விலங்கு, மரம், பறவை, தொழில், பறை, யாழ் ஆகியவை கருப்பொருள். மனிதரின் மனநிலை உரிப்பொருள். ஒலிக்கதையின் முதல் நிமிடத்தில் நிலமும் பொழுதும் காதில் நிலைபெற வேண்டும். பிறகு அந்த இடத்துக்கே உரிய ஒலிகள் ஒவ்வொன்றாக அறிமுகமாகலாம். மனிதரின் உணர்வு அவற்றின் ஊடாக வந்து சேரட்டும். பறையையும் யாழையும் பறவையோடு ஒரே பட்டியலில் வைத்த மரபு நம்முடையது. மனித ஒலியையும் நிலத்தின் பகுதியாகக் கேட்க நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

நடைமுறையில், முதலில் ஒலிகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். அவை தாமாகவே எவ்வளவு சொல்கின்றன என்று பாருங்கள். மிஞ்சிய இடைவெளிகளுக்கு மட்டும் உரை எழுதுங்கள். எழுதியதில் ஒலி ஏற்கெனவே சொல்லிவிட்ட சொற்களை அடித்துவிடுங்கள். அலை ஒலிக்கும்போது ‘அலைகள் மோதுகின்றன’ என்று படிக்க ஓர் ஆள் தேவையில்லை. கேட்கிறவருக்குத் தெரியாததைச் சொல்லுங்கள்: அந்த அலை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு தொலைவில் நின்றது, அப்போது அங்கே யார் குடியிருந்தார்கள்.

பின்னணி இசை சேர்க்கலாமா?

என் பரிந்துரை, வேண்டாம். தேவையென்று தோன்றினால் அந்த இடத்து மனிதர் பாடும் பாட்டைச் சேருங்கள். சோகமான வயலின் ஒலி நுழைந்த கணமே கேட்கிறவர் காட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தாம் என்ன உணர வேண்டும் என்ற கட்டளையைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

நான் பதிய முடியாத ஒலியை வேறு எங்கிருந்தாவது எடுத்துச் சேர்க்கலாமா?

கேட்கிறவரிடம் சொல்லிவிட்டுச் சேர்க்கலாம். சொல்லாமல் சேர்ப்பது ஏமாற்று. இயற்கைப் படங்களில் விலங்கின் காலடியோசை பலவும் பின்னர் அரங்கில் உருவாக்கப்படுபவை. தொலைவிலிருந்து எடுத்த படத்துக்கு வேறு வழியில்லை என்பது அவர்கள் வாதம். ஒலிக்கதையில் ஒலிதான் சாட்சி, அதையே மாற்றினால் பிறகு நிற்க இடமில்லை. அந்தப் பருவத்தில் அங்கே இல்லாத பறவையின் குரலை நீங்கள் சேர்த்தால், அந்த இடத்தை அறிந்த ஒருவருக்கு நொடியில் தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

மனிதக் காதுக்கு எட்டாத ஒலிகளை மாற்றிக் கேட்கவைப்பது இதிலிருந்து வேறு. நம் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வௌவாலின் குரல் பெரும்பாலும் அதற்கு மேலே, நீலத் திமிங்கிலத்தின் குரல் அதன் அடிவிளிம்பிலும் அதற்குக் கீழேயும். நீர் கிடைக்காத தக்காளிச் செடியும் புகையிலைச் செடியும் மீயொலிச் சொடுக்குகளை வெளியிடுவதை டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் பதிவோடு காட்டினர். இவற்றை வேகம் கூட்டியோ குறைத்தோ கேட்கவைக்கலாம். மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். செடி அழுகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

பதிவு செய்வதால் உயிரினங்களுக்குத் தொல்லை நேருமா?

நேரும். பதிந்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது பரவலான பழக்கம். பறவை தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுகளைக் காப்பதையும் விட்டுவிட்டு வந்து கத்தும். இனப்பெருக்கக் காலத்தில் இதைச் செய்யவே கூடாது. கூட்டருகே மைக் வைக்காதீர்கள். கடத்தலுக்கோ வேட்டைக்கோ உள்ளாகும் உயிரினமானால் இடத்தின் பெயரைக் கதையில் சொல்லாதீர்கள்.

மனிதர்களிடமும் இதே கவனம் வேண்டும். மூலிகை இருக்குமிடம், மீன்பிடிக்கும் இரகசியத் துறை, வெளியாருக்குச் சொல்லக் கூடாத வழிபாட்டுப் பாட்டு போன்றவை உங்களிடம் நம்பிக்கையால் பகிரப்பட்டிருக்கலாம். எங்கே ஒலிபரப்பாகும், யார் கேட்பார்கள் என்பதை முன்பே விளக்கிச் சம்மதம் பெறுங்கள். முடிந்த கதையை வெளியிடும் முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் நீக்குங்கள்.

அழிவைப் பற்றிச் சொல்லாமல் இன்று இயற்கையைப் பற்றிப் பேச முடியுமா?

கடினம்தான். ஆனால் அழிவைச் சொல்ல ஓலம் தேவையில்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் புல்வெளி என்ற இடத்தை பெர்னி கிராஸ் 1988-ல் பதிந்தார். பிறகு அங்கே தேர்ந்தெடுத்த மரங்கள் மட்டும் வெட்டப்பட்டன. ஓராண்டு கழித்து அதே பருவத்தில் அதே இடத்தில் மீண்டும் பதிந்தார். கண்ணுக்குக் காடு முன்போலவே இருந்தது. பதிவில் பறவைக் குரல்கள் பெரும்பாலும் இல்லை. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் போதும், விளக்கமே வேண்டாம்.

ஹவாயின் கவாய் தீவில் வாழ்ந்த ஓஓ என்ற பறவையின் குரல் 1987-க்குப் பிறகு கேட்கப்படவில்லை. 2023-ல் அமெரிக்க அரசு அதை அழிந்த இனமாகக் கருதிப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் குரல் பதிவாக இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் அழவைக்கவே பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது போதாது. வாழிடம் சுருங்கியது, வெளியிலிருந்து வந்த எலி, கொசு பரப்பிய பறவை மலேரியா என்று எப்படி அந்தக் குரல் நின்றது என்பதையும் சொல்லும்போதுதான் கேட்கிறவர் அழுகையோடு நின்றுவிடாமல் தம்மைச் சுற்றிலும் பார்ப்பார். முடிந்தால், இன்னும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் ஓர் உயிரையும் அதைக் காக்கப் பாடுபடும் ஒருவரையும் அதே கதையில் கேட்கவிடுங்கள்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஓர் ஒலி நடந்து முடிய எடுத்துக்கொள்ளும் நேரத்தை மதியுங்கள். மழை வந்து ஓய்வதை எட்டு நொடியில் சொல்ல முடியாது. அதற்கு இடம் தந்த பின் மொத்தம் பத்து நிமிடமோ நாற்பதோ, இரண்டும் சரியே.

காது கேளாதவர்கள் இதை எப்படிப் பெறுவார்கள்?

முழு எழுத்து வடிவத்தை உடன் வெளியிடுங்கள். அதில் பேச்சை மட்டும் எழுதி, ஒலி வரும் இடத்தில் ‘பறவை ஒலி’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு முடித்துவிடக் கூடாது. எந்தப் பறவை, எவ்வளவு தொலைவில், எதற்குப் பதிலாகக் குரல் கொடுத்தது என்று எழுதுங்கள். அதை எழுதிப் பார்க்கும்போது உங்கள் பதிவையே நீங்கள் கூடுதலாகக் கேட்பீர்கள்.

கதை முடிந்த பிறகு மூலப் பதிவுகளை என்ன செய்வது?

அழிக்காதீர்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், இடம், வானிலை, கருவி ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அந்தக் குரல் உள்ளேயே இருக்கும். இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வையுங்கள். தனித்த பறவைக் குரல்களை 2005-ல் தொடங்கப்பட்ட ஜெனோ-கான்டோ தளத்திலோ கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்திலோ யாரும் பதிவேற்றலாம். அடையாளம் தெரியாத குரலை ஜெனோ-கான்டோவில் புதிராகவே ஏற்றி, அறிந்தவர்களிடம் கேட்கவும் வழி இருக்கிறது. மனிதக் குரல்கள் உள்ள பதிவுகளைப் பொதுவில் ஏற்றும் முன், அதற்கெனத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். கதைக்காகத் தந்த சம்மதம் அதற்குச் செல்லாது.